நேற்றுச் சீவிய பாளை

எங்கள் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ஆனாலும் இராத்தோறும் விளக்கை அணைப்பதற்கு முன் ஓலைப்பாயில் முழங்காற்படியிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அன்றைய தினம் தாம் செய்த பிழை இன்னதென்று பெயர் சொல்லி ஆண்டவரிடத்தில் அறிக்கையிட்டு, அதை மேற்கொள்ளப் பெலன் தரும்படி வாய்விட்டு மன்றாடுகிற வழக்கத்தை, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் கண்மூடிய 1953-ஆம் ஆண்டு வரையில், நான் அறிய ஓர் இரவும் விட்டவரல்லர். அந்த ஜெபத்தைப் பற்றிச் சிறுவயதில் எனக்கிருந்த வெட்கத்தையும், நடுவயதில் அது எனக்குச் செய்த உபகாரத்தையும் எழுதிவைக்க வேண்டுமென்று பல காலமாக நினைத்திருந்தேன்.

அவருடைய பிழை பெரும்பாலும் நாவைச் சேர்ந்தது. மாசி மாதம் தொடங்கிப் பதநீர் இறங்குகிற காலம் முழுவதும், விடியற்கருக்கல் முதல் உச்சிப்பொழுது தாண்டும்வரை, காய்ந்த ஓலையை ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளிக்கொண்டு, விடிலியின் புகையிலும் அனலிலும் நின்று கருப்பட்டி காய்ச்சுகிற ஒரு ஸ்திரீயின் வாயிலிருந்து இன்சொல்லே பிறக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அவரோ தமக்கு அந்தச் சலுகையைத் தந்துகொண்டதில்லை. "ஆண்டவரே, இன்னைக்கும் மேலவீட்டுக்காரிய வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். அவ பிள்ளையச் சொல்லிக்காட்டிப் பேசிப்புட்டேன். இந்த நாக்க எனக்கு அடக்கித் தாரும்" என்று அவர் அழுகிற குரல், எங்கள் வீட்டுக்கும் மேலவீட்டுக்கும் இடையே சுவராக நின்ற ஓலைச் செற்றையைத் தாண்டி அந்த அம்மாளின் காதிலும் விழுந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். நானும் என் தமையனாரும் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, இந்த ஜெபம் எப்போது முடியுமென்று காத்திருப்போம்.

மறுநாள் காலையில் அதே நாக்கு அதே அம்மாள்மேல் சீறும். இரவில் அதே பாய், அதே கண்ணீர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, பொறுக்கமாட்டாமல், "நேத்தும் இதத்தான கேட்ட? முந்தாநாளும் இதத்தான கேட்ட? அவர் தரலியே" என்று கேட்டேன். அடிப்பார் என்று எண்ணினேன். அவர் அடிக்கவில்லை, அடுப்பிலிருந்த சட்டியைத் துழாவிக்கொண்டே, "நேத்துச் சீவுன பாளை இன்னைக்குப் பதனி விடுமால?" என்றார்.

பனைத்தொழில் பழகாத வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்கவேண்டும். பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிய சீவலாக நாள்தோறும் சீவிவிட்டால்தான் அது சொட்டும்; சில நாள் சீவாமல் விட்டுவிட்டால் சீவிய முகம் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பிறகு அந்தப் பாளையால் பயனில்லை. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதும் அப்படியே. ஒரு நாள் தடவ மறந்தால் மரத்திலிருந்து தித்திப்பாக இறங்கினது கீழே வருவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். ஆகவே பனையேறுகிறவனுக்கு மழையென்றும் காய்ச்சலென்றும் ஓய்வுநாளென்றும் சொல்லித் தப்புவதற்கு இடமில்லை. எங்கள் தாயார் உபமானமாக ஒன்றைச் சொல்லவேண்டுமென்று சொன்னவரல்லர்; தினந்தோறும் செய்கிற வேலை எதுவோ அதைச் சொன்னார். எட்டு வயதுச் சிறுவனாகிய நான் அதைக் கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் என்னமோ சொல்கிறார் என்று எண்ணி, விளையாடப் போய்விட்டேன்.

எங்கள் ஊர் இடையன்குடிக்கு அடுத்த செம்மணல் தேரியில் உள்ள சிற்றூர். 1841-ஆம் ஆண்டில் இடையன்குடிக்கு வந்து, நெடுங்காலம் அங்கே ஊழியம் செய்து, 1891-இல் காலமாகி, தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிற கால்டுவெல் அத்தியட்சரை, திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணம் எழுதினவர் என்று தமிழுலகம் அறியும். நாங்களோ எங்கள் வாயிலிருக்கிற ஜெபங்களின் தமிழோடு சேர்த்து அவரை அறிவோம். வேதாகமத்தின் தமிழ்த் திருப்புதலைத் திருத்தினவர்களில் அவர் ஒருவர். ஜெபபுஸ்தகத்தைத் திருத்துவதிலும் அவருக்குப் பங்குண்டு. ஞாயிறுதோறும் சபையார் எல்லாரும் முழங்காலில் நின்று, காணாமற்போன ஆடுகளுக்குத் தங்களை ஒப்பிட்டு, செய்யத்தக்கவற்றைச் செய்யாததையும் தகாதவற்றைச் செய்ததையும் ஒரே குரலாக அறிக்கையிடுகிற அந்தப் பொதுப் பாவ அறிக்கை, எனக்கு ஆறு வயதிலேயே மனப்பாடம். அதைச் சொல்லும்போது வெட்கம் உண்டாவதில்லை. நூறு பேர் சேர்ந்து 'நாங்கள்' என்று சொல்லும்போது அந்த 'நாங்கள்' என்பதற்குள் ஒருவன் எவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம் என்பதை நான் வெகு சீக்கிரத்தில் கற்றுக்கொண்டேன். வீட்டில் எங்கள் தாயார் 'நான்' என்று சொன்னதுதான் என்னைப் போர்வைக்குள் ஒளியச் செய்தது.

பிற்பாடு பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, உபாத்தியாயர் வேலைக்கு வந்தேன். ஜெபம்பண்ணுவதில் வல்லவன் என்று பெயரெடுத்தேன். கூட்டங்களில் என்னை எழுந்து ஜெபிக்கச் சொல்வார்கள். நானும் வசனங்களை ஒன்றோடொன்று தொடுத்து, குரல் தழுதழுக்கவேண்டிய இடத்தில் தழுதழுக்க, அழகாக ஜெபிப்பேன். அது வேஷம் என்று சொல்லமாட்டேன். சொல்லுகிற நேரத்தில் உண்மையாகவே சொன்னேன். ஆனால் என்னுடைய பிழை ஒன்றையாவது அதன் பெயரைச் சொல்லி, ஒருவர் காதுபடவோ தனித்தோ, நான் ஜெபித்ததாக அந்தக் காலத்தில் ஒரு நாளும் நினைவில்லை.

1938-ஆம் ஆண்டில் எங்கள் தகப்பனார் தேகவியோகமானார். மறு வருஷம் சொத்துப் பாகம் பிரிந்தது. சொத்து என்று சொல்லத்தக்கதாக வீடும், கொஞ்சம் புன்செய்யும், பனைகளும் மாத்திரமே இருந்தன. மேலத்தேரியில் கிணற்றையொட்டி நின்ற 14 பனைகள் யாருக்கு என்பதில் எனக்கும் தமையனாருக்கும் பேச்சு வளர்ந்தது. தகப்பனார் அவற்றை எனக்கென்று சொல்லியிருந்தார்; சாட்சிக்கு யாருமில்லை. கோயில் திண்ணையில் சபை மூப்பர்கள் நால்வர் உட்கார்ந்திருக்க, அத்தனை பேருக்கு முன்பாகவும் தமையனார் என்னைப் பார்த்து, "ஒன்னப் படிக்க வச்ச கணக்க நான் எவன்கிட்டல போய்க் கேக்க?" என்று கேட்டார். மரங்கள் அவருக்கே போயின. நான் அன்று சாயங்காலமே வேலையூருக்குப் புறப்பட்டேன்; அதற்குப்பின் 11 ஆண்டுகள் அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வன்மம் என்பது கோபத்தைப் போன்றதன்று. கோபம் வந்து போகிற விருந்தாளி. வன்மமோ வீட்டில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு குடியிருப்பது. நாளடைவில் அதற்கு வேண்டியதைக் கொடுத்துப் போஷிப்பதில் ஒருவித இன்பமும் உண்டாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும் வழியில், தமையனார் சொன்ன அந்தச் சொல்லை எடுத்து, அதற்கு நான் கொடுத்திருக்கவேண்டிய பதில்களை ஒவ்வொன்றாக அமைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கூர்மையான ஒரு பதில் அகப்படும். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தாயாருடைய குடிசையில் தங்குவேன். கோயிலில் தமையனார் தென்புறம் உட்கார்ந்தால் நான் வடபுறம். தமையனார் மனைவியாகிய மைனி மாத்திரம் தன் பிள்ளைகளின் கையில் குழம்பு கொடுத்தனுப்புவாள். குழம்பை வாங்கிக்கொள்வேன், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியனுப்புவேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய ஒரு வாக்கியம் உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் தமிழில் அங்கே நிற்கிற சொல் 'கடன்' என்பது. லூக்கா அதையே சொல்லுமிடத்தில் நம்முடையவற்றைப் 'பாவங்கள்' என்கிறார், பிறருடையதைக் கடனாகவே வைக்கிறார். வேதபாட வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை நான் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆனால் கோயிலில் அந்த வாக்கியம் வருகிறபோது என் வாய் அடைத்துக்கொள்ளும். பொய் சொல்லக்கூடாதென்ற ஒரு நேர்மை எனக்கிருந்ததாக நினைத்து, அந்த ஒரு வாக்கியத்தை மாத்திரம் மௌனமாகக் கடந்து, அடுத்ததிலே மற்றவர்களோடு சேர்ந்துகொள்வேன். அண்ணன் எனக்குக் கடன்பட்டிருக்கிறார். 14 மரமும் ஒரு சொல்லும் கடன். அதை நான் விட்டுவிட ஆயத்தமாயில்லை. ஆகவே சொல்லவில்லை என்பது என் நியாயம்.

ஜெபிக்காமல் இருந்தேனா என்றால், இல்லை. இந்தக் காரியத்தைக் குறித்து ஏராளமாக ஜெபித்தேன். "அண்ணனுடைய இருதயத்தை மாற்றும், அவரை உணர்த்தும்" என்று ஜெபித்தேன். பிறகு சற்று ஞானம் வந்ததாக எண்ணி, "என் உள்ளத்திலிருக்கும் கசப்பை எடுத்துப்போடும்" என்றும் ஜெபித்தேன். ஆனால் எடுத்துப்போடும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்திருந்தேன் என்பதை அறியவில்லை. பரிசுத்த அகுஸ்தீன் தம்முடைய வாலிபத்தில் கற்பைத் தரும்படி கேட்டுவிட்டு, உடனே தந்துவிடாதேயும் என்றும் கேட்டுக்கொண்டதைத் தம்முடைய பாவ அறிக்கை நூலில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, இச்சையுள்ளவர்களுக்கு அது தகும் என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பினேன். வன்மமும் ஓர் இச்சைதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னையில் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியமாயிற்று. அதற்கான பேச்சு 1919-இல், சீகன்பால்கு ஐயர் கரையிறங்கிய தரங்கம்பாடியில் தொடங்கியது. 28 ஆண்டுகள் ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்துகளும், அதற்கு முன்னமே ஒன்றாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும், அத்தியட்சர் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும், நற்கருணையை யார் கொடுக்கலாம் என்றும், விட்டுவிட்டும் விடாமலும் பேசி, கடைசியில் ஒருவர் கையை ஒருவர் பற்றினார்கள். எங்கள் தேரிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராகி, அந்த ஐக்கியத்துக்காகத் தம் ஜீவியத்தையே கொடுத்த அசரியா அவர்கள், அதைக் கண்ணால் காணாமலே 1945-ஆம் ஆண்டின் முதல் நாளில் மரித்தார். ஐக்கியத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. ஒரு தகப்பனுடைய பிள்ளைகள் ஒன்றானார்கள் என்று என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். தென்புறத்தில் தமையனார் தலை குனிந்திருந்தார். அன்று முதன்முதலாக எனக்கு ஜெபம் வரவில்லை. இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உடம்பு சரியில்லையோ என்று பலர் விசாரித்தார்கள்.

அந்த வெட்கம் இரண்டு ஆண்டு என்னை உறுத்திற்று. ஆனால் உறுத்தல் ஒருவனை நடக்கச் செய்யாது. என்னை நடக்கச் செய்தது தாயாருடைய ஜெபந்தான்.

1949-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை. தாயாருக்கு அப்போது கண் மங்கிவிட்டது, விடிலிக்குப் போவதில்லை, மேலவீட்டு அம்மாளும் காலமாகிவிட்டாள். நாவுக்கு இனி வேலையில்லை, ஆகவே அறிக்கையிடவும் ஒன்றுமில்லை என்று நான் எண்ணியிருந்தேன். நான் உறங்கிவிட்டதாக நினைத்து அவர் முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, ரெபெக்காள் செஞ்சத நானும் செஞ்சேன். சின்னவனுக்குச் சட்டையும் புஸ்தகமும் குடுத்தேன், பெரியவனுக்கு அருவாப்பெட்டியக் குடுத்தேன். பன்னெண்டு வயசுப் பிள்ள, பனையில ஏறி பயந்து அழுதுச்சு. நான் கீழ நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு பேருக்கும் நடுவுல பகைய வெதச்சவ நான். என்னைய மன்னியும். இன்னும் எனக்குச் சின்னவன் மேலதான் மனசு ஓடுது, அத மாத்தித் தாரும்."

ஆதியாகமத்தின் அந்தக் கதையை நான் எத்தனையோ முறை ஓய்வுநாட்பள்ளியில் சொல்லியிருக்கிறேன். தாயின் பட்சபாதத்தால் ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொண்டு தூரதேசம் போன இளையவன் யாக்கோபு; வெறுங்கையோடு நின்று அழுதவன் மூத்தவன் ஏசா. சொல்லுகிறபோதெல்லாம், எங்கள் வீட்டிலும் ஓர் இளையவன் உண்டென்று நான் நினைத்ததே இல்லை. இருட்டில் கண்ணைத் திறந்து படுத்துக்கொண்டு, தாயார் சொன்ன அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தேன். அவர் பனையேறத் தொடங்கிய வருஷமும் நான் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போன வருஷமும் வெவ்வேறாயிருக்கலாம். ஆனால் விடுதிச் சம்பளம் எதிலிருந்து வந்தது? வருஷத்துக்கு ஆறு மாதம், நாளொன்றுக்கு இருமுறை, முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கின கால்களிலிருந்து வந்தது. அவர் திண்ணையில் கேட்ட கணக்கு உண்மையான கணக்கு. 11 ஆண்டுகளாக அவரைக் கடனாளி என்று வைத்திருந்தேன். புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்திருந்தேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். திண்ணையில் நடந்ததை மேலே எழுதினபோது, அவர் சொன்னதை எழுதினேன். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதவில்லை. ஒருவருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. எனக்கே நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொள்ளும்போதும் அதை விட்டுவிட்டே சொல்லிவந்தேன். மூப்பர்கள் நால்வருக்கு முன்பாக நான் என் தமையனாரை நோக்கி, "பனையேறிக்குக் கணக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். எங்கள் தகப்பனாரும் பனையேறினவர். அவர் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.

இவ்வளவும் தெரிந்தபின் உடனே எழுந்து தமையனார் வீட்டுக்குப் போனேன் என்று எழுதக்கூடுமானால் நலமாயிருக்கும். போகவில்லை. விடுமுறை முடிந்து வேலையூருக்குத் திரும்பினேன். கடன் என்னுடையது என்று தெரிந்ததும் வன்மம் குறையவில்லை. வேறு வழியாகக் கிளம்பிற்று. இவ்வளவு தெரிந்தவர் ஏன் ஒரு கடுதாசி போடவில்லை, மூத்தவர் அல்லவா முன்வரவேண்டும் என்றெல்லாம் உள்ளே ஒரு வக்கீல் பேசிக்கொண்டே இருந்தான். 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி சாம்பற்புதன்; லெந்து நாட்கள் 40-ஐயும் அந்த வக்கீலோடே கழித்தேன். பெரிய வியாழனுக்கு ஊருக்கு வந்தேன்; அன்றிரவு ஊர்க் கோயிலில் நற்கருணைக்கு எல்லாரும் எழுந்துபோனார்கள். பிறனோடு பகையுள்ளவன் அந்தப் பந்திக்கு வரலாகாது என்ற எச்சரிப்பை வேலையூரில் நான் பொருட்படுத்தாமலே போய்வந்ததுண்டு. அன்று எழுந்திருக்க முடியவில்லை. எல்லாரும் போய்த் திரும்பி வரும்வரை தனியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், பெரிய வெள்ளி, இடையன்குடிக்கு நடந்துபோனேன். மும்மணி நேர ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்தபின்னும் எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே முழங்காலில் இருந்தேன். 1847-இல் தொடங்கி 1880-இல் பிரதிஷ்டையான கோயில் அது. கட்டி முடிக்க 33 ஆண்டு சென்றது. அவ்வளவு உயரமும் அவ்வளவு நிசப்தமும் தலைக்குமேல் நிற்கையில் அழகான ஜெபம் ஒன்றும் எனக்கு வாய்க்கவில்லை. வழக்கம்போல 'கசப்பை எடுத்துப்போடும்' என்று தொடங்கினேன், நின்றுவிட்டேன். பிறகு, எங்கள் தாயார் பேசுகிற பேச்சில், வாய்விட்டே சொன்னேன்: "ஆண்டவரே, எனக்கு இத விட இஷ்டமில்ல. இது எனக்கு ருசியா இருக்கு. பதினொரு வருஷமா இதத் தின்னுதான் இருக்கேன். விடணும்னு ஒரு ஆசையாவது எனக்குத் தாரும்."

ஒளி ஒன்றும் உண்டாகவில்லை, கண்ணீரும் வரவில்லை. உள்ளத்தில் ஓர் அசைவும் தெரியவில்லை. ஆனால் என் ஆயுளில் நான் பண்ணின முதல் உண்மையான ஜெபம் அதுவென்று அப்போதே அறிந்தேன். குணப்படவேண்டும் என்று நாம் கேட்கிறோம். குணப்பட விரும்பவில்லை என்கிற உண்மையை அவரிடத்திலிருந்து மறைத்து வைத்துக்கொண்டே கேட்கிறோம். மறைக்கிற காலமெல்லாம் அவர் கை வைக்க இடமேது?

இரவில் உறக்கமில்லை. விடிவதற்கு முன்னே எழுந்து மேலத்தேரிக்கு நடந்தேன். போகவேண்டுமென்று தீர்மானித்ததாக நினைவில்லை. செம்மணல் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது நினைவிருக்கிறது. கிணற்றங்கரை மரம் ஒன்றின் உச்சியில் பாளை சீவும் ஓசை கேட்டது. கீழே போய் நின்றேன். யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடி, தொடைச்சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டு தமையனைச் சந்திக்கப் போனபோது, ஏசா எதிர்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான் என்று வேதம் சொல்லுகிறது. என் தமையனார் ஓடிவரக்கூடிய இடத்தில் இல்லை.

"யாருல அது?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"நான்தான், அண்ணாச்சி."

சீவும் ஓசை நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் சீவத் தொடங்கினார். அந்த மரத்து வேலையை முழுதும் முடித்துக்கொண்டுதான் இறங்கினார். ஐம்பதை நெருங்கின தேகம். மரத்தைத் தழுவித் தழுவி மார்பிலும் கைகளிலும் கறுத்துக் காய்த்துப்போயிருந்த தடிப்புகளை, வெளுத்துவருகிற அந்த வெளிச்சத்தில், அத்தனை கிட்டத்தில், நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒருவேளை பார்க்கவேண்டுமென்று நினைத்ததில்லை. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்ன சொல்லுக்கு..." என்று மாத்திரம் சொல்லி நின்றேன்.

"எந்தச் சொல்லு?" என்றார்.

அதை என் வாயால் மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். என் ஆயுளில் அதைவிடப் பாரமான சொல்லை நான் தூக்கினதில்லை.

அவர் இடுப்பிலிருந்த அருவாப்பெட்டியைச் சரிசெய்துகொண்டார். "பதினொரு வருஷமா எனக்கும் அது மனப்பாடம்ல" என்றார். பிறகு பதநீர்க் கலயத்தை என் கையில் கொடுத்து, "சிந்தாமப் பிடி. இன்னும் ஏழு மரம் கெடக்கு" என்றார். ஏழு மரத்துக்கும் அவர் பின்னாலே கலயத்தைச் சுமந்துகொண்டு போனேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. விடிலியில் மைனி எங்கள் இருவரையும் சேர்ந்து வரக் கண்டு, ஒன்றும் கேளாமல், ஓலைப்பட்டை ஒன்றை மடித்து என்னிடம் நீட்டினாள். மறுநாள் ஈஸ்டர். கோயிலில் தென்புறத்தில் உட்கார்ந்தேன். ஆண்டவருடைய ஜெபத்தில் அந்த வாக்கியம் வந்தபோது சொன்னேன். ஆனால் இம்முறை அதில் 'எங்களுக்கு மன்னியும்' என்கிற பாதிதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தப் பதினான்கு மரங்களைக் குறித்து நாங்கள் அன்றும் பேசவில்லை, பின்னும் பேசினதில்லை. தாயார் அதற்குப்பின் மூன்று ஆண்டு உயிரோடிருந்தார். தமையனாரும் நானும் சேர்ந்து அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போவதைக் கண்டு ஊரார் சந்தோஷப்பட்டார்கள். தாயார் மாத்திரம், அந்த இரவு ஜெபத்தை நான் கேட்டேன் என்பதை அறியாமலே, ரெபெக்காளைப் பற்றி இன்னும் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவரிடத்தில் அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

என் சுபாவம் மாறிவிட்டதென்று வாசகர்கள் எண்ணவேண்டாம். அப்போஸ்தலனாகிய பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதிலே கிடைத்தது. அந்தப் பதில் கேட்கிறபோது ஆறுதலாயிருக்கும், முள்ளோடு நடக்கிறபோதுதான் அதன் அர்த்தம் தெரியும். தாயார் காலமான மறு வருஷம், தமையனார் தம் வீட்டுக்கு உத்திரம் போடுவதற்காகக் கிணற்றங்கரை மரங்களில் இரண்டை வெட்டினார் என்று கேள்விப்பட்டேன். என்னைக் கேட்கவேண்டிய அவசியம் அவருக்கில்லை. ஆயினும் கேட்ட க்ஷணத்தில், நெஞ்சுக்குள் பழைய அறையின் கதவு திறந்துகொண்டது. பழைய சொற்கள், அத்தனை ஆண்டாகியும் துருப்பிடிக்காமல், வரிசையாக எழுந்து வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரையில் அவற்றோடேயே நடந்துவந்தேன்.

இரவில் பாயை விரித்தேன். "ஆண்டவரே, அந்த ரெண்டு மரத்த இன்னைக்கும் எண்ணிப் பாத்தேன்" என்று தொடங்கி, எண்ணினதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடுத்த அறையில் பிள்ளைகள் இன்னும் உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவில்லை.